ஒருநாள் ஓய்ந்த பெட்டி

எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு தபாலாபீஸ் இருந்தது. என் மகன் வைத்தது. டிபன் டப்பா அளவில் ஒரு கருப்புக் கம்ப்யூட்டர் பெட்டி. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில், சின்னப் பச்சை விளக்கோடு ராப்பகலாக ஓடும். கரண்ட் போனாலும் நிற்காமலிருக்கத் தனியாக ஒரு பேட்டரி. எங்கள் எல்லோருக்கும் அதில் மெயில் விலாசம் போட்டுக் கொடுத்தான்.

“நம்ம மெயிலு எவனோ ஒரு கம்பெனில எதுக்கும்மா கெடக்கணும்? நம்ம வீட்லயே இருக்கட்டும்.”

“ஆமா, சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு நீ எழுதறத எடுத்துப் படிக்க ஆள் அலையறாங்க” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். போனில் பேசவும் கூச்சம். ‘ம்’ என்பதற்கு மேல் வராது. அதனால் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் மகன் தன் குரலைப் பதிந்து மெயிலில் அனுப்புவான். சமையல் முடித்துவிட்டு என் போனைத் தொட்டால், பெட்டியிலிருந்து அவன் பேசுவான். “ம்மா, இன்னிக்கு ரசம் வெச்சேன். வெந்நீர் மாதிரி இருந்துச்சு. சிரிக்காத.” பதில் சொல்ல வேண்டியதில்லை. தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

பைக் விபத்தில் அவன் போய்விட்டான். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. தினமும் அவன் பேசியதில் ஒன்றைக் கேட்பேன். அவரால் அது முடியாது. நான் போனை எடுத்தாலே வாசலுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து, “இன்னா சொன்னான்?” என்பார். சொல்வேன்.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் டிப்போவில் பஸ்ஸைக் கழுவி நிறுத்திப் பொட்டு வைத்த கை அவருடையது. நான் சுண்டல் தாளிக்கும்போது, பெட்டியின் சுவிட்சை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

“அவன் போனப்புறமும் ஓயாம ஓடுது. ஒருநாள் ஓயட்டும், பாவம்.”

மறுநாள் அவரே சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. போனைத் தொட்டேன். குரல் வரவில்லை.

அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மகள் வந்து பெட்டியை டிவியில் மாட்டினாள். கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி.

“அண்ணன் உள்ள பூட்டு போட்டிருக்கும்மா. நிறுத்திட்டு மறுபடி போட்டா பாஸ்வேர்டு கேக்குது.”

அவன் பிறந்த நாள், எங்கள் பெயர்கள், அவனுடைய பைக் நம்பர், எல்லாம் போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை.

“அப்பாகிட்ட சொல்லாத” என்றேன்.

இப்போதும் தினமும் போனை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். அவர் வாசலுக்குப் போகிறார். வந்து கேட்கிறார். ரசக் கதையை, மழையில் நனைந்த கதையை நினைவிலிருந்து சொல்கிறேன். அவன் வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. அவன் குரலில்தான் அவை முன்போல் மனசுக்குள் கேட்பதில்லை.

இந்த வருஷமும் ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு பெட்டியருகே நின்றார்.

“ஒருநாள் ஓய வெக்கட்டுமா?”

“வைங்க” என்றேன்.