நானூற்று ஐந்து நிமிடங்கள்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். போல்ட்டு, நட்டு, பலகை, பெயின்ட் டப்பா எல்லாம் என் பொறுப்பு. வருடத்தில் இரண்டு நாள் மட்டும் இன்னொரு பொறுப்பும் உண்டு. எங்கள் பட்டறை அணிக்கும் சேலத்து மில் ஒன்றின் அணிக்கும் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நான்தான் ஸ்கோரர். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வேலை என்னிடம் வந்தது. அதிலிருந்து ஒரு பந்துகூட எழுதாமல் விட்டதில்லை.

அது இரண்டு நாள் ஆட்டமாக இருந்ததற்குக் காரணம், இரண்டு நாள்தான் எங்களுக்குக் கிடைத்தது. ஆயுத பூஜையும் விஜயதசமியும் அடுத்தடுத்து வரும். அந்த இரண்டு நாளும் பட்டறையில் வெல்டிங் கிடையாது, மில்லிலும் இயந்திரம் ஓடாது. மற்ற நாளில் இரு தரப்பிலும் பதினொரு பேரைச் சேர்த்துப் பார்ப்பதே கடினம். லாரிகள் நிறுத்தும் பொட்டலைக் கூட்டி, நடுவில் மேட் எனும் கயிற்றுப் பாயை விரித்து, பட்டறையிலேயே அடித்த ஒரு முழ ஆணிகளால் இறுக்கிவிடுவோம். பொட்டலில் அங்கங்கே ஆயில் குடித்த மண். அதில் உருண்ட பந்து கறுத்து வழுக்கும். அதைத் துடைக்க எங்கள் அம்பயர் பையில் வேஸ்ட் பஞ்சு வைத்திருப்பார்.

இந்தியா உலகக் கோப்பையை வென்ற பிறகு எங்கள் ஊரில் எல்லாமே ஓவர் கணக்காகிவிட்டது. தெருவுக்கு ஒரு கோப்பை, பத்து ஓவர், பதினைந்து ஓவர், முப்பது ஓவர். காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடும். எங்கள் அணியின் கேப்டன் பட்டறையில் லாரிக்கு ஒயரிங் செய்பவர், இருபத்தைந்து வயது. இரண்டே வருடத்தில் அப்படி நாலு கோப்பை வாங்கி வந்தார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

"ரெண்டு நாள் நின்னு ஆடி, கடேசில யாரும் ஜெயிக்கலைன்னு கை குடுத்துட்டுப் போறதுக்கு எதுக்குங்க ஆட்டம்? நோம்பி நாள்ல ஊட்ல இருந்தா வடையாவது கெடைக்கும்."

முதலாளிக்கும் அது பிடித்துப் போயிற்று. மேட், பந்து, இரு அணிக்கும் சாப்பாடு எல்லாம் அவருடையது. அடுத்த வருடம் முதல் ஆயுத பூஜையன்று முப்பது ஓவர் ஆட்டம், விஜயதசமி வீட்டுக்கு என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

இதனால் உண்மையில் எதையாவது இழக்கப்போகிறவர் ஒருவர்தான்: எங்கள் பெயின்டர். சேலத்துக்குப் பக்கம் இளம்பிள்ளை ஊர்க்காரர், என் வயது, நாற்பதை நெருங்கியவர். லாரியின் பக்கப் பலகையில் நேர்கோடு இழுக்க அவருக்கு அளவுகோல் வேண்டாம். பதின்மூன்று வருடமாகத் தொடக்க ஆட்டக்காரர். பந்தை அடிப்பார் என்று சொல்ல முடியாது. மட்டையை அதன் முன்னால் வைப்பார். முப்பது ஓவர் அணியில் தமக்கு இடமில்லை என்று கேப்டன் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. "இதான் கடேசி ஆட்டம்னா ஒழுங்கா ஆடிட்டுப் போயிர்றேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்த வருடம் மில் அணி முதலில் ஆடி, இரண்டரை மணிக்கு 211 ரன்னில் முடித்தது. நாங்கள் இரண்டு நாற்பதுக்குத் தொடங்கினோம். பெயின்டர் ஒன்பது ரன்னில், தாழ்ந்து வந்த பந்துக்கு ஸ்டம்பை இழந்தார். நாலு மணிக்கு எங்கள் ஸ்கோர் மூன்று பேருக்கு 61. மோசமில்லை. ஆட்டம் ஐந்து மணி வரை உண்டு.

ஆனால் பட்டறையில் பூஜைக்குக் குறித்த நல்ல நேரம் நாலரையிலிருந்து ஐந்தரை. சுத்தியல், டிரில், வெல்டிங் மெஷின் எல்லாம் வரிசையில் வைத்துப் பொட்டிட்டாயிற்று. கிரிக்கெட் மட்டைகளும் அந்த வரிசையில் இருந்தாக வேண்டும் என்பது முதல் வருடத்திலிருந்து எங்கள் வழக்கம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்கலாம். வழக்கமாக ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்ததும் மட்டைகள் போகும். அன்று அவசரத்தில், அவுட்டானவர்களில் மூன்று பேர் கையிலிருந்த மட்டையோடு நேரே பட்டறைக்குப் போய்விட்டார்கள். எங்களிடம் இருந்தவையே நாலு மட்டை. மிச்சமிருந்த ஒன்றை உள்ளே இருந்த இருவரும் மாற்றி மாற்றி வைத்து ஆடினார்கள்.

உள்ளே இருந்தவர்களுக்கும் மனம் பூஜையில்தான். தூக்கித் தூக்கி அடித்தார்கள். எட்டாவது ஆள் போனபோது, களத்தில் இருந்த கடைசி மட்டையின் கைப்பிடி விரிசல் விட்டுவிட்டது. நான் பட்டறைக்கு ஆள் அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"மூணு பேட்டுக்கும் சந்தனம் வெச்சாச்சுங்களாமா. யாரும் தொட மாட்டீங்கறாங்க."

மில் அணியின் கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தாங்க, எங்க பேட்டை எடுத்துக்குங்க. சாமி கும்பிட்டே அவுட்டான டீமை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று ஒன்றைக் கொடுத்தார். அந்த மட்டையை வைத்துக்கொண்டும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நாலு ஐம்பத்தைந்துக்கு 88 ரன்னில் எல்லாரும் அவுட். 123 ரன் பின்தங்கியதால், ஃபாலோ ஆன் விதிப்படி மறுநாள் காலையில் மறுபடி நாங்களேதான் ஆட வேண்டும்.

பூஜை முடிந்து பொரிகடலை வாங்கிக்கொண்டு நின்றபோது எங்கள் கேப்டன் முதலாளியிடம் சொன்னார்: "பாத்தீங்களா? முப்பது ஓவரா இருந்திருந்தா மூணரைக்கே முடிஞ்சு, குளிச்சுட்டுப் பூசைக்கு வந்திருப்பமுங்க."

"நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னயே சுருண்டுருவீங்க போல இருக்குது" என்றார் முதலாளி. "நாப்பது பேருக்கு ஆக்கச் சொல்லியிருக்கறனே."

பெயின்டர் வழக்கமாக முதலாளி எதிரில் பேசமாட்டார். அன்று பேசினார். "ஏனுங்க, நாளைக்குப் பொழுதோட அஞ்சு மணி வரைக்கும் நின்னுட்டா, அடுத்த வருசமும் ரெண்டு நாள் ஆட்டம் வெப்பீங்களா?"

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஜெயிக்க வேண்டாமா?"

"ஜெயிக்கறதுக்கு வழியில்லீங்க. நிக்கத்தான் முடியும்."

"செரி, நில்லுங்க. நின்னுட்டா ரெண்டு நாளு. இல்லீன்னா முப்பது ஓவரு. இவங்க எல்லாருஞ் சாச்சி."

மறுநாள் காலை மட்டைகளுக்குக் கற்பூரம் காட்டி, ஒன்பதரைக்கு ஆட்டம் தொடங்கியது. முதலாளி சொன்னது ஊருக்குள் பரவியிருந்ததால் கூட்டம் அதிகம். பெயின்டர் நடு மட்டையில் குங்குமத்தோடு போய் நின்றார். முதல் ரன் எடுக்க முப்பத்தொரு நிமிடம் ஆயிற்று. லாரிகளின் மேல் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் சும்மா இருக்கவில்லை.

"பெயின்டரண்ணே, பிரைமர் அடிச்சாச்சு! கலர் எப்பங்க?"

"அவரு ரெண்டாவது கோட்டு அடிக்கறாருடா!"

உணவு இடைவேளையில் மூன்று பேருக்கு 54. முதலாளி பெயின்டருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னார். இரண்டு ஐந்துக்கு ஐந்தாவது விக்கெட் விழுந்தது, ஸ்கோர் 71. உள்ளே போனவர் கேப்டன்.

எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு சிக்ஸ் அடித்துவிட்டுப் போய்விடுவார், ஆட்டமும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். நினைத்தது தவறு. தம் கருத்து தோற்றுப்போகட்டும் என்று அவர் ஆடவில்லை. தம் அணி தோற்கக் கூடாது என்று ஆடினார். அவரிடம் ஓவர் ஆட்டம் கொடுத்த கெட்டிக்காரத்தனம் ஒன்று இருந்தது. ஓவரின் கடைசிப் பந்தை மெல்லத் தட்டிவிட்டு, எதிராளி குனிவதற்குள் ஒரு ரன் ஓடி, அடுத்த ஓவரையும் தாமே எதிர்கொள்வார். மில்லின் வேகப்பந்து வீச்சாளரை அப்படியே முக்கால் மணி நேரம் பெயின்டரிடம் அண்டவிடவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்ட பெயின்டருக்கு அந்த ஓய்வு வேண்டியிருந்தது.

"கால் என்னங்க ஆச்சு?" என்று கேப்டன் கேட்டது எனக்கும் கேட்டது.

"கால் இருக்குது. நீங்க கூப்புடறப்பெல்லாம் ஓடறதுக்கு அது ஒத்துக்க மாட்டீங்குது."

"சித்தெ ஓடுங்க. நிக்கற வேலை உங்களுது, ஓடற வேலை என்னுது."

நாலு இருபதுக்குக் கேப்டன் அவுட். ஸ்கோர் 118. அதன் பிறகு நாலு நாற்பத்து நாலுக்குள் இன்னும் மூன்று பேர் போய்விட்டார்கள். 127க்கு ஒன்பது. நான்கு ரன்தான் முன்னிலை. மிச்சம் பதினாறு நிமிடம். கடைசி ஆளாகப் போனவர் டயர் ரீட்ரேடிங் கடைக்காரர். எங்கள் வேகப்பந்து வீச்சாளர். மட்டையைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொள்வார் என்பது நாமக்கல் முழுக்கத் தெரியும்.

அந்த ஓவரில் மிச்சம் இரண்டு பந்தும் அவருக்கு. ஒன்று ஸ்டம்பை உரசாமல் போயிற்று. இன்னொன்று தொடையில் பட்டது. மில் அணியில் பதினொரு பேரும் கத்தினார்கள். அம்பயர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார்.

அடுத்த ஓவர் பெயின்டருக்கு. ஐந்து பந்தை மட்டையின் முன் சாகடித்தார். ஆறாவதைப் பாயின்ட் பக்கம் லேசாகத் தட்டிவிட்டு ஓடத் தொடங்கினார்! பதின்மூன்று வருடத்தில் அவர் இப்படி ஒரு ரன் எடுத்து நான் எழுதியதில்லை. டயர்க்காரர் நின்ற இடத்தில் திகைத்து நின்றார்.

"ஓடறீங்களா? நீங்களா?"

"கேள்வி அப்பறம், மொதல்ல வாய்யா!"

இருவரும் தப்பித்தார்கள். லாரி மேல் இருந்தவர்கள் தகரத்தைத் தட்டிய சத்தத்தில் அம்பயர் ஓவர் சொன்னதுகூடக் கேட்கவில்லை. அடுத்த ஓவரும் அதே மாதிரி, ஐந்து பந்து தடுத்து, ஆறாவதில் ஒரு ரன். கேப்டன் எல்லைக்கோட்டில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "எம்பட வித்தையை எடுத்துக்கிட்டாருங்க!"

கடைசி ஓவரின் ஆறு பந்தையும் பெயின்டர் தடுத்தார். ஐந்து மணிக்கு அம்பயர்கள் பெய்ல்களை எடுத்தார்கள். 129க்கு ஒன்பது. பெயின்டர் ஆட்டமிழக்காமல் 37. சாப்பாட்டு நேரம் நாற்பத்தைந்து நிமிடத்தைக் கழித்தால், நானூற்று ஐந்து நிமிடம். இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் முகங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. மில் கேப்டன் பெயின்டரின் கையை விடவே இல்லை. "அடுத்த வருசம் உங்களுக்குன்னே ஒரு பௌலரைத் தேடிப் புடிச்சுக்கிட்டு வாரேன்" என்றார். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்: ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் ஆட்டம் அப்படியே, முப்பது ஓவர் ஆட்டம் பொங்கலுக்குப் புதிதாக. முதல் நாள் ஆட்டம் நாலு மணிக்கே முடிய வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தோம். அதை எழுதியவன் நான், முன்மொழிந்தவர் எங்கள் கேப்டன்.

பத்திரிகைகளில் அந்நாளில் இதே விவாதம்தான்: குட்டை ஆட்டம் வந்து நெட்டை ஆட்டத்தைத் தின்றுவிடுமா என்று. பெரிய மைதானங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் பொட்டலில் ஒன்று மற்றொன்றைத் தின்னவில்லை. முக்கால் மணி நேரம் தாங்கிப் பிடித்தது. அதற்கு என் கையெழுத்தில் சாட்சி இருக்கிறது.

பொங்கல் ஆட்டத்துக்குப் பெயர் எழுதும்போது பெயின்டர் ஸ்டோருக்கு வந்தார். "அதுக்கும் என்னெ எழுதிக்குங்க" என்றார். கேப்டன் கைகூப்பினார்.

"அண்ணா, முப்பது ஓவர்ல இருபது ஓவர் நீங்களே நின்னுட்டா, மத்தவங்க எப்பங்க அடிக்கறது?"

பெயின்டர் சிரித்துவிட்டார். பொங்கல் ஆட்டத்தில் அவர் இல்லை. நாற்காலி போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கேப்டன் அடித்த ஒவ்வொரு சிக்ஸுக்கும் முதலில் கை தட்டியவர் அவர்தான். அடுத்த நாலு வருடமும் ஆயுத பூஜையன்று காலை ஒன்பதரைக்கு, பட்டியலின் முதல் வரியில் அவர் பெயரை எழுதிவிட்டுத்தான் இரண்டாவது பெயரைக் கேட்பேன்.