பாரத்துக்கு உட்கார்ந்தவர்கள்

"ரப்பர் தோட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமா?" என்று எங்கள் சிங்கள மேனேஜர் துரை கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

பலாங்கொடைக்குக் கீழே, தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டம் அது. கம்பெனிக்காரர் கைக்கு மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் ஃபெக்டரியில் மெக்கானிக். என் மனைவி கொழுந்து எடுப்பவள். மலையடிவாரத்தில் நீர்த்தேக்கம் நிறைந்ததும், கொழும்பு விருந்தாளிகளைப் பங்களாவில் தங்கவைத்துத் தண்ணீரில் சுற்றிக் காட்ட வேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை வந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு பழைய மோட்டார் படகை லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது, தகரம் கொடுங்கள் என்று நாங்கள் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப் போயிருந்தோம். அதற்கு வழியில்லை. படகுக்கு மட்டும் புதுப் பெயின்ட்!

அந்தப் படகில் இஞ்சின் உள்ளே இருக்கும். விசிறியைச் சுழற்றும் கால் பின்பலகைக்கு வெளியே தண்ணீரில் தொங்கும். ஸ்டெர்ன் டிரைவ் என்பார்கள். இரண்டையும் இணைக்கும் தண்டு பின்பலகையில் இருக்கும் ஓட்டை வழியாகப் போகிறது. அந்த ஓட்டைக்குள் தண்ணீர் வராமல் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. அது கிழிந்திருந்தது. புதியது வாங்கித் தாருங்கள் என்றேன். அதற்குத்தான் துரை அப்படிக் கேட்டார். கடைசியில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது போல, தோட்டத்து ரப்பரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்.

மற்ற வேலைகள் சரியாகத்தான் முடிந்தன. படகின் அந்தக் காலுக்குள் கைப்பம்பால் காற்றடித்து, சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. கியர் ஒயிலும் தண்ணீர் கலந்து வெளுக்காமல் சுத்தமாக இருந்தது. மிச்சம் அந்த ஒட்டுதான். அதைக் கரையில் வைத்துச் சோதிக்க முடியாது. தண்ணீரில் இறக்கி, பாரம் ஏற்றி, காலை இடமும் வலமும் திருப்பி, உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பாரத்துக்கு மணல் மூட்டை கேட்டேன். படகு அழுக்காகிவிடும் என்றார் துரை.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணி ஏழெட்டுப் பெண்களைத் தனியே நிறுத்தினார்.

"நீங்கல்லாம் இன்னைக்கு மலைக்குப் போக வேணாம். போட்டுல ஒக்காந்தாப் போதும். தொர பேர் போடச் சொல்லியிருக்காரு."

பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அந்த வரிசையில் என் மனைவியும் நின்றாள். மணல் மூட்டை அழுக்காம், மனுஷி என்றால் பரவாயில்லையாம்! என்ன நியாயம் இது? அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் குளித்துப் பழகியவர்கள். ஆனால் அவர்களுக்கோ ஒரே குதூகலம். கூடை இல்லை, அட்டைக்கடி இல்லை, உட்கார்ந்த இடத்தில் பேர்! லயத்துக்கு ஓடிப்போய்த் திருவிழாச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நான் இஞ்சின் அடியைத் துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த பத்திரிகைத் தாளை விரித்து வைத்திருந்தேன். தாள் நனைந்தால் கசிவு என்று தெரிந்துவிடும். படகைத் தண்ணீரில் இறக்கிக் கயிற்றைக் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் போச்சு. எங்கள் ஆட்கள் லொறி வந்தாலும் மெஷின் வந்தாலும் மஞ்சத்தண்ணி தெளிக்காமல் தொடமாட்டார்களே! பெட்ரோல் வாடை அடிக்கிற இடத்தில் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, ஒரு செம்பு மஞ்சத்தண்ணியை இஞ்சின்மேல் கவிழ்த்துவிட்டார்கள். கவிழ்த்தது வேறு யாருமில்லை, என் பெண்டாட்டிதான்.

"அடியே, என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நல்லதுக்குத்தானே ஊத்துனேன். எதுக்குங்க இப்புடிக் கத்துறீங்க?"

திரும்பத் துடைக்க நேரம் கேட்டேன். நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், ஓட்டு என்றார் துரை. ஓட்டினேன். கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். படகின் காலை ஒருமுறை திருப்பிவிட்டு இஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தால், தாள் மிதக்கிறது. கரையில் நின்ற துரையைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினேன், தண்ணீர் வருகிறது என்று.

"அது உன் ஆட்கள் ஊற்றிய பூசைத் தண்ணீர்!" என்று துரையும் சிங்களத்திலேயே கத்தினார்.

கையை விட்டுப் பார்த்தேன். மஞ்சள் வெளுத்துக்கொண்டே போனது, தண்ணீரோ ஏறிக்கொண்டே வந்தது. ஒரு செம்புத் தண்ணி இப்படிப் பெருகுமா? படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்து, எல்லாரும் இறங்குங்கள் என்றேன். துரை கங்காணியின் காதில் ஏதோ சொன்னார்.

"எறங்குனா பேர் இல்ல, சொல்லிப்புட்டேன்!" என்றார் கங்காணி.

ஒருத்தியும் அசையவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"நெசமாவே ஒழுகுதாங்க?"

"நெசமாத்தான்டி. எறங்கு."

அவள் திருவிழாச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். பிறகு மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லாருக்கும் அரைப்பேர் மட்டும் போடச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். படகைக் கரைக்கு இழுத்துப் போட ஆள் கேட்டேன், கிடைக்கவில்லை. கட்டிய இடத்திலேயே அது கிடந்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், படகின் பின்பாதி தண்ணீருக்குள், மூக்கு மட்டும் மேலே. மலைக்கு ஏறிக்கொண்டிருந்த பெண்களும் கூடையோடு நின்று பார்த்தார்கள். துரை வந்தார். இடுப்பில் கைவைத்துப் படகைப் பார்த்தார்.

"நல்ல வேளை, விருந்தாளிகள் யாரும் ஏறவில்லை" என்றார் சிங்களத்தில்.

"நாங்க ஏறுனோமே" என்றாள் என் மனைவி.

அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கங்காணியிடம் கேட்டார்.

"முகுத் நே, சேர்" என்றார் கங்காணி. ஒன்றுமில்லையாம்!

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் சொன்னதை நான் சிங்களத்தில், மலையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். துரைக்குக் கோபம் வரவில்லை. நான் ஏதோ புரியாமல் கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அதற்குத்தானே அரைப்பேர் போட்டேன்" என்றார்.