ஒற்றை அடுப்பு லேப்டாப்

எங்கள் வீட்டில் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுத்தான் அம்மா உலையில் அரிசி போடுவாள். சோறு வடிக்கும் நேரத்துக்குத் திரையில் படம் வந்துவிடும். சில நாள் சோறு முந்தும், சில நாள் லேப்டாப் முந்தும். பெரிய வித்தியாசம் இருக்காது.

அக்கா பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. திருமுல்லைவாயிலில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வாடகை வீட்டில் நாங்கள் இருந்தோம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். எழுதிய ப்ரோகிராமைத் தன் லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்ட வேண்டிய பரீட்சை ஒன்று அவளுக்கு வந்தது. ஒத்திகையில் எங்கள் லேப்டாப் பாதி வழியில் உறைந்து நின்றுவிட்டது. பரீட்சையன்றும் ஓடாவிட்டால் மார்க் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா கோபப்படவில்லை. அரியர் விழுந்தால் படிப்பு போதும், பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறேன் என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். எங்கள் வீட்டில் பெரிய விஷயங்கள் இப்படித்தான் முடிவாகும், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பார், எடுத்ததைத் தன் லேப்டாப்பில் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுப்பார். அந்த லேப்டாப்பை எங்கே போனாலும் முதுகுப் பையில் சுமந்துகொண்டே வருவார். எங்களுடையது திறப்பதை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது, லேப்டாப்பா, ரேஷன் கடை க்யூவா?"

பிறகு எனக்கு விளக்கினார். "உங்கள்து ஒத்த அடுப்புடா மாப்ளே. அதுல சோறும் ஆக்கணும், கொழம்பும் வெக்கணும்னா தவிச்சுப் பூடும். என்னுது ரெண்டு அடுப்பு. அடியில இன்னொரு மெமரி மாட்டிக்கீறேன். அதான் பறக்குது."

மெமரி என்றால் என்ன என்று அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரஸ்வதி பூஜையன்று மாமா ஒரு மெமரியோடு வந்தார். சூயிங்கம் அட்டைபோல மெல்லிய பச்சைத் தகடு. தெரிந்த கடைக்காரர் சும்மா கொடுத்தார் என்றார். இரண்டு நாளில் அக்காவுக்குப் பரீட்சை. மறுநாளே மாமா வேலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு வீடியோ எடுக்கப் போக வேண்டும். மாட்டுவதென்றால் அன்றைக்கே மாட்டியாக வேண்டும்.

"வூட்டுக்குப் புதுசா வர்ற சாமான் பூஜைல வெச்சுட்டுதான் மாட்டணும்" என்று அம்மா தகட்டை வாங்கிக்கொண்டாள். சாமி படத்தின் முன்னால் என் புத்தகங்கள், என் பென்சில் பாக்ஸ், அக்காவின் நோட்டுகள், லேப்டாப், அதன் மேல் அந்தத் தகடு. பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள்வரை தொடக்கூடாது. வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது. லேப்டாப்பை மட்டும், அது நோயாளி என்பதால், கற்பூரம் காட்டியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா தீர்ப்பளித்தாள்.

மாமா லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூ கழற்றி மூடியைத் திறந்தார். தகட்டை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"அக்கா, இதுக்கு இன்னா வெச்ச?"

"சந்தனம், குங்குமம். எல்லாத்துக்கும்தான் வெச்சேன்."

"அது சரி, இங்கயா வெப்ப?"

"மத்த எடமெல்லாம் கருப்புக் கருப்பா இருந்துச்சு. அந்த வரிசை மட்டும் தங்கமாட்டம் மின்னுச்சு. லட்சணமா இருக்கட்டுமேன்னு வெச்சேன்."

தகடு லேப்டாப்பைத் தொட்டுப் பேசும் பல் வரிசை அதுதான். அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அம்மா தாராளமாகப் பொட்டு வைத்திருந்தாள். மாமா துண்டால் துடைத்தார். மாட்டினார். பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அதே கறுப்பு.

அந்த நேரம் பார்த்து அப்பா பட்டறைப் பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு வந்தார். கவிழ்ந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார். "அப்ப அதுவும் போச்சா? சரி, கம்பெனில சொல்லிடறேன்" என்று கை கழுவப் போனார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

"பென்சில் ரப்பர் ஒண்ணு குடுடா மாப்ளே" என்றார் மாமா. "ரப்பர் போட்டுத் தேச்சா பல்லு பளிச்சுனு ஆயிடும்."

என் வாசனை ரப்பர் பென்சில் பாக்ஸில். பென்சில் பாக்ஸ் சாமியிடம். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் பூசணிக்காய் உடைத்துவிட்டுக் கடையை மூடியிருந்தார்.

"பூஜைல வெச்சதைத் தொடக் கூடாதுடா" என்றாள் அம்மா.

"புஸ்தகத்தைக் கேக்கலக்கா. ரப்பரு. அது எழுதுறதில்ல, அழிக்கிறது. சரஸ்வதிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"வாய மூடு. சாமி கண்ணக் குத்தும்."

"சாமிக்கே பொட்டு வெச்சு கண்ண மறைச்சவ நீ."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு அக்காவின் முதுகைப் பார்த்தாள். யாரையும் அனுப்பாமல் தானே போய், சாமி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, இவ படிக்கத்தான் எடுக்கறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, புத்தகங்கள் அசையாமல் பாக்ஸை உருவினாள்.

மாமா ரப்பரால் அந்தத் தங்க வரிசையை மெதுவாகத் தேய்த்தார். வீடு முழுக்கக் கற்பூரமும் ஸ்ட்ராபெரி வாசனையும் கலந்து அடித்தது. துகள்களை ஊதிவிட்டு, தகட்டைச் சாய்வாகச் செருகி அழுத்தினார். க்ளிக் என்றது. பொத்தானை அழுத்தியதும் அம்மா பழக்கத்தில் அரிசி களைய எழுந்தாள். அவள் பானையை எடுப்பதற்குள் திரையில் படம் வந்துவிட்டது.

"அதுக்குள்ளயா?" என்றாள். ஏமாற்றிவிட்டார்களோ என்பதுபோல இருந்தது அவள் குரல்.

பரீட்சையன்று அக்காவின் ப்ரோகிராம் தடங்கலில்லாமல் ஓடியது. எக்ஸ்போர்ட் கம்பெனிப் பேச்சு எங்கள் சாப்பாட்டு நேரத்தில் பிறகு வரவேயில்லை.

தீபாவளிப் பலகாரம் கொடுக்க நான் மாமாவின் அறைக்குப் போனேன். ஐப்பசி முகூர்த்தங்களின் வீடியோ வேலை குவிந்திருந்தது. மாமா லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போய் டீ குடித்தார். மேலே வந்தபோதும் அது திறந்து முடிந்திருக்கவில்லை. பிறகு திரையில், பெண்ணின் கழுத்தருகே கல்யாண மாப்பிள்ளை தாலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் நின்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் அப்போது மெட்ராஸ் ஐ வந்து வீட்டுக்கு வீடு தாவிக்கொண்டிருந்தது. "மாமா, எங்க லேப்டாப்போட நோவு உங்கள்துக்கு ஒட்டிக்கிச்சு" என்றேன்.

மாமா திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "ஆமாண்டா மாப்ளே. அன்னிக்குப் பக்கத்துல வெச்சேன்ல, ஒட்டிக்கிச்சு" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். ஓசூர், திருப்பூர், பெங்களூர் என்று கால் போன இடமெல்லாம் வேலை பார்த்தேன், விட்டேன். எந்த ஊரில் எதை விட்டுவிட்டு வந்தாலும், அயனம்பாக்கத்தில் அக்கா தன் சம்பளத்தில் எடுத்திருக்கும் வீட்டில் எனக்கு ஒரு பாய் உண்டு, சூடான சோறு உண்டு. நடுவில் கொஞ்ச காலம் லேப்டாப் ரிப்பேர் கடை ஒன்றில் இருந்தேன். மாமா தன் பழைய லேப்டாப்பை, சரிபண்ண முடியுமா பார் என்று கொடுத்தார். கவிழ்த்து மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு அடுப்பு காலியாக இருந்தது. அந்தப் பச்சைத் தகட்டைச் சும்மா கொடுத்த கடைக்காரர் யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அது தெரியாத சின்ன வயதில், அந்தத் தீபாவளிக்குப் பின் மாமா வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் வாசலிலேயே மறித்தேன். அவருடைய லேப்டாப் பையை உள்ளே விடவில்லை. குணமான எங்கள் லேப்டாப்புக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பது என் பயம். மாமா மறுபேச்சில்லாமல் பையைத் தோளிலிருந்து இறக்கி, செருப்புகளுக்குப் பக்கத்தில் சுவரோரம் வைப்பார்.

"இங்க வெச்சா போதுமா மாப்ளே, இன்னும் தள்ளி வெக்கணுமா?"

நான் தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன்.