முன்பின் பழக்கம் இல்லாதவள்

கல்யாணமாகி வந்த புதிதில் அவர் அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒருதடவை பார்த்தா மறந்துபோற முகம். இது கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். அவள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் தொழிலுக்கு அப்படியொரு முகம் எவ்வளவு பெரிய சொத்து என்பது அப்புறம்தான் புரிந்தது.

அவர் வித்தைக்காரர். வருஷம் முழுக்க ஒரு பெயின்ட் கடையில் வண்ணம் கலந்து கொடுப்பார். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் கறுப்புக் கோட்டு பெட்டியிலிருந்து வெளியே வரும். அந்தச் சின்ன நகரத்துக்கு இருந்தது ஒரே ஒரு டவுன் ஹால். விடுமுறை மாதத்தில் அதற்கு மூச்சுவிட நேரம் கிடையாது. தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரைந்த படங்களை வரிசையாக மாட்டியிருப்பார்கள். காலையில் நடனப் போட்டி, மாலையில் பாட்டுக் குழு, நகைச்சுவை நாடகம். சனி, ஞாயிறு மதியம் மட்டும் மேடை இவருக்கு.

அவள் ஒரு தையல் கடையில் காஜா எடுத்து, பட்டன் தைப்பவள். தலையைத் தூக்காமல் செய்யும் வேலை, அதனாலேயே பிடித்த வேலை. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் அவளுக்குக் கழுத்து வியர்த்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் முன்பின் தெரியாத ஆள் மாதிரி டிக்கெட் வாங்கி, நாலாவது வரிசையில் நடைபாதை ஓரத்து சீட்டில் உட்காருவாள். மோதிர வித்தையின்போது அவர் கீழே இறங்கி வந்து, "யாராவது ஒரு மோதிரம் குடுங்கம்மா" என்பார். அவள் கையைத் தூக்குவாள். அவர் வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி ஊதுவார். மோதிரம் காணாமல் போகும். பிறகு முன்வரிசைக் குழந்தை மடியில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் கூடையிலிருந்து பன்னை எடுத்துவந்து, அவள் கண்ணெதிரே பிட்டுக் காட்டுவார். உள்ளே மோதிரம்!

அதே மாதிரி இன்னொரு மோதிரத்தை அன்று காலையில் பன்னின் அடியில் பிளேடால் கீறி உள்ளே தள்ளி, கீறல் தெரியாமல் அழுத்தி விட்டவளே அவள்தான். அது ஹாலில் யாருக்குத் தெரியும்?

மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சபைக்குக் கேட்கிற மாதிரி கேட்பார்: "அம்மா, நமக்குள்ள முன்பின் பழக்கம் உண்டா?"

"இல்லைங்க."

அவள் வாழ்க்கையில் கூட்டத்துக்கு நடுவே பேசிய ஒரே வசனம் அதுதான். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். ஆனால் அந்தக் கணத்தில் அவர் கண் ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். ஹால் முழுக்க இருக்கிற ஜனத்தில் அவளுக்கு மட்டும் தெரியும் சிரிப்பு. மற்ற மாதங்களில் காபி டம்ளரை வாங்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்காத மனுஷர். கழுத்து வியர்க்க அவள் அங்கே போய் உட்கார்ந்ததெல்லாம் அதற்காகத்தான்.

டிக்கெட் கவுண்டரில் உட்காரும் நாத்தனார் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். "என்ன நாலாவது வரிசை, இன்னைக்குக் குழம்புல உப்பு ஏறிடுச்சா?" என்று வீட்டில் கிண்டல் பண்ணுவாள். அது சொந்தப் பெயர் மாதிரியே ஒட்டிக்கொண்டது.

இந்த வருஷம் சீசன் ஆரம்பிக்கிற அன்று காலை, அவள் பிளேடை எடுத்து வைத்துக்கொண்டு பன்னுக்காகக் காத்திருந்தாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டே, "பன்னு நானே பார்த்துக்கறேன்" என்றார்.

"ஏன்?"

"பார்த்துக்கறேன்னா பார்த்துக்கறேன். நீ வழக்கம்போல வந்து உக்காரு. ஆனா நான் இருமினா மட்டும் கையைத் தூக்கு. இருமலைன்னா பேசாம இரு."

"இதென்ன புதுசா?"

"எல்லாத்துக்கும் ஒரு ஏன், ஒரு எதுக்கு" என்று கிளம்பிவிட்டார்.

அன்று அவர் இருமவில்லை. அவள் சீட்டைத் தாண்டி நேராகப் போனார். ஆறாவது வரிசையில் பச்சைப் புடவை கட்டின ஒருத்தியிடம் கையை நீட்டினார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். பன்னுக்குள்ளிருந்து அதே மோதிரம் வந்தது. ஜனம் கைதட்டியது. நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவளும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே.

மோதிரம் பன்னுக்குள் முன்கூட்டியே போகாமல் எப்படி வெளியே வரும்? அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் பச்சைப் புடவையும் சொல்லி வைத்த ஆள். யார் சொல்லி வைத்தது, எப்போது, எங்கே வைத்து?

"நமக்குள்ள முன்பின் பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்டதும், பச்சைப் புடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இவள் கூடவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது.

சந்தேகம் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. நாக்கு அங்கேயேதான் போகும். அவர் குளிக்கப் போனதும் கோட்டைத் துழாவினாள். வலது பையில் பன் துகள். இடது பையில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை, அதற்குள் சிவப்புக் கல் வைத்த ஒரு பெண்பிள்ளை மோதிரம். அவள் விரல் இரண்டு சேர்ந்து நுழையும் அகலம்.

முடிச்சை இருந்தபடியே போட்டு வைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள். தோசை தீய்ந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். தீய்ந்த தோசைக்கு ஒரு வார்த்தை சொல்லாத புருஷனை எப்படி நம்புவது?

மறுநாள் வேறொருத்தி, கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். 'ஒருத்தி போதாதா?' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த சனிக்கிழமை வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருத்தர் தன் கல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அப்போதுதான் அவள் சந்தேகம் பக்கம் மாறிப் படுத்தது. இது பொம்பளை விவகாரம் இல்லை, அதைவிட மோசம். அவளுக்குத் தெரியாமல் ஒரு பட்டாளத்தையே திரட்டி வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் அவள் உட்கார்ந்த இடத்துக்கு ஆள் மாற்றி ஆள் போடுகிறார். இருமலாம் இருமல்! வேலையை விட்டு நிறுத்தினவளிடம் நாற்காலியை மட்டும் கொடுத்து உட்கார வைத்திருக்கிற மரியாதை அது.

ஞாயிற்றுக்கிழமை கவுண்டரில் கூட்டம். கம்பிக்கு அந்தப் பக்கம் நாத்தனார். இரண்டு பேரும் அங்கே அந்நியர்கள், பின்னால் வரிசை வேறு.

"ஒரு டிக்கெட்டுங்க. நாலாவது வரிசை."

"ஓரத்து சீட்டாம்மா?"

"ஆமா. ஏங்க, போன வாரம் பச்சைப் புடவைல ஒருத்தங்க மோதிரம் குடுத்தாங்களே, அவங்க அடிக்கடி வருவாங்களா?"

நாத்தனார் டிக்கெட்டைக் கிழித்த கை அப்படியே நின்றது. "ஊர்ல பாதிப் பேர் பச்சைதாம்மா கட்டுறாங்க. நான் யாரைன்னு பார்க்கறது?"

"இல்ல, வித்தைக்காரருக்கு ரொம்ப வேண்டியவங்களோன்னு..."

"வித்தைக்காரருக்கு வேண்டியவங்க யாருன்னு எனக்குத் தெரியும்மா. அந்தம்மாவுக்குத்தான் தெரியல."

பின்னால் நின்றவர் சலித்துக்கொண்டார். "கதை பேசறதுன்னா வீட்டுக்குப் போய்ப் பேசுங்கம்மா. எங்க புள்ள உள்ள போகணும்."

"நீங்க நகருங்கம்மா" என்றாள் நாத்தனார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. ஆனால் டிக்கெட்டை நீட்டும்போது அண்ணியின் விரலை ஒரு கிள்ளு கிள்ளினாள். ஆறுதலா, எச்சரிக்கையா என்று இவளுக்குப் பிடிபடவில்லை. நாத்தனாரும் கூட்டுதான் போலிருக்கிறது என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மேடை கிடைத்தது இரண்டு வாரம்தான். அன்றுதான் சீசனின் கடைசிக் காட்சி. நடந்து வரும்போதே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பக்கத்து சீட்டில் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, தங்கை பிள்ளைகளோடு வந்திருந்தாள். விரலில் சின்ன முத்து வைத்த மோதிரம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இவளிடம் தன் முட்டிவலி முதல் மேலதிகாரி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இப்படி வாய் ஓயாத ஆளை எந்த வித்தைக்காரனும் ரகசியத்துக்குச் சேர்க்கமாட்டான்.

மோதிர வித்தை வந்தது. அவர் படி இறங்கினார். இருமல் இல்லை.

"கையைத் தூக்குங்க" என்றாள் இவள், பக்கத்து அம்மாவிடம்.

"ஐயோ, நானா? இது எங்க அம்மா போட்டிருந்தது."

"பத்திரமா குடுத்துடுவாரு. பிள்ளைங்க சந்தோஷப்படும்ல."

பிள்ளைகள் அதற்குள் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டன. அவர் பார்த்தார். பக்கத்தில் தன் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். ஒரு நொடி தயங்கிவிட்டு மோதிரத்தை வாங்கிக்கொண்டார்.

ஹாலே கைக்குட்டையைப் பார்த்தது. இவள் அவருடைய இடது கையைப் பார்த்தாள். எங்கே பார்க்கக்கூடாது என்று அவர் ஜனத்தைத் திருப்புவாரோ அங்கேதான் பார்த்தாள். மோதிரம் கைக்குட்டைக்குள் போகவே இல்லை. விரல் இடுக்கில் இருந்தது. பன்னைப் பிடித்தபோது கட்டைவிரல் அடியிலிருந்து அதைக் குத்தி உள்ளே தள்ளப் பார்த்தது. சொல்லி வைத்த ஆள் யாரும் இல்லை. பச்சைப் புடவையும் இல்லை, வழுக்கைத் தலையும் இல்லை. மனுஷர் தனியாளாக, வெறும் கையால், இத்தனை வயதுக்கு மேல் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்.

பன்னின் அடி இடம் கொடுக்கவில்லை. முத்து மோதிரம் நழுவியது. தரைவிரிப்பில் சத்தமே இல்லாமல் விழுந்து, உருண்டு, அவள் செருப்பு நுனியில் வந்து முட்டியது.

அவள் அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள்.

யாரும் பார்க்கவில்லை. அவர் மட்டும் பார்த்தார். கையில் காலிப் பன், எதிரே தாயின் மோதிரத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற ஒரு அம்மா, சுற்றிலும் நிறைந்த ஹால். அவள் நினைத்தால் காலை எடுக்காமல் இருக்கலாம். 'பேசாம இரு' என்று சொன்னது அவர்தானே. இவ்வளவு நாள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனீர்களே, இப்போது போங்கள் பார்ப்போம் என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் கேட்கத்தான் செய்தது.

அவர் இருமினார். நாடக இருமல் இல்லை. நிஜ இருமல்.

அவள் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். நிமிரும்போது கையைத் தூக்கினாள். "நான் பிட்டுப் பார்க்கட்டுங்களா? அப்பதான் நம்புவேன்."

இப்படியொரு வசனம் அவர்கள் பழகினதே இல்லை. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். ஜனம் "ஆமா, அவங்களே பிட்டுப் பார்க்கட்டும்!" என்றது. அவர் பன்னை நீட்டினார். பன்னுக்குள் மோதிரம் தள்ளிப் பழகின விரல்கள் அல்லவா, பிளேடுகூடத் தேவைப்படவில்லை. பன் இரண்டாகப் பிரிந்தபோது நடுவில் முத்து மின்னியது.

கைதட்டல் ஓய்வதற்குள், முகத்தில் வேர்வை வழிய, பழக்க தோஷத்தில் அவர் வாய் அவளைப் பார்த்தே கேட்டுவிட்டது: "அம்மா, நமக்குள்ள முன்பின் பழக்கம் உண்டா?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவளுக்குக் கழுத்து வியர்த்தது. நாக்கு வறண்டது. ஹால் முழுக்கத் தன்னையே பார்ப்பது தெரிந்தது.

"உண்டுங்க" என்றாள். "இவரு என் வீட்டுக்காரரு."

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று பாதிப் பேரும், நிஜம் என்று மீதிப் பேரும் நினைத்திருக்கலாம். தபால் ஆபீஸ் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அடிப்பாவி, நீதானே என்னைக் கையைத் தூக்கச் சொன்னே!" என்று மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காட்சி முடிந்து வெளியே போகும்போதும் முத்தைப் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் சந்தேகம் தீர எத்தனை நாள் ஆனதோ.

கவுண்டர் பூட்டினதும் மூன்று பேரும் தாழ்வாரத்தில், பிள்ளைகள் வரைந்த படங்களுக்குக் கீழே நின்றார்கள்.

"போன வருஷம் பஸ் ஸ்டாப்ல ஒரு குட்டிப் பொண்ணு உன்னைக் கையைக் காட்டிச்சு" என்றார் அவர், டையை அவிழ்த்துக்கொண்டே. "'அம்மா, இந்த ஆன்ட்டி மோதிரம் வருஷா வருஷம் பன்னுக்குள்ள போகுதே'ன்னு. நீ கடைசில தள்ளி நின்னே, கேக்கல. நாளைக்கு ஊரே உன்னை அப்படிக் கையைக் காட்டுச்சுன்னா நீ தாங்குவியா? கடைக்குப் போறதையே நிறுத்திடுவே."

"அதை என்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா, நாளைலேருந்து வரலைன்னுடுவே. நீ அங்க உக்காந்திருக்கேன்னுதான் எனக்குக் கையே வந்துச்சு. கை வரலைன்னா உன் மோதிரத்தை வச்சு சமாளிச்சுக்கலாம்னுதான் இருமல்."

அவள் உடனே இளகிவிடவில்லை. "சரி, அந்தச் சிவப்புக் கல்லு யாரோடது?"

"என்னோடது அண்ணி!" என்றாள் நாத்தனார். "அண்ணன் பழகிப் பார்க்கறதுக்கு வாங்கிட்டுப் போச்சு."

"எங்க, போட்டுக் காட்டு."

"இப்பவா?"

"இப்பதான்."

நாத்தனார் அண்ணன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்து, மோதிரத்தை விரலில் மாட்டினாள். அச்சாகப் பொருந்தியது. அண்ணி அதைத் திருகிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, பிறகுதான் விட்டாள்.

நாத்தனார் வசூல் கணக்கை ஒப்படைக்க ஹாலிலேயே நின்றுவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் பழக்கத்தில் அவள் கடைசியில் போய் நின்றாள். அவர் முன்னால் நின்றார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். பஸ் வந்ததும் அவர் ஏறாமல் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே இருந்த நாலைந்து பேரும் அவர் பார்த்த திசையில் பார்த்தார்கள். "அந்த மோதிரக்காரம்மா" என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. கழுத்து வியர்க்க, அவள் எல்லாரையும் தாண்டி முன்னால் நடந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

ஏறியதும் கண்டக்டர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தனித்தனியா, சேர்த்தா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "சேர்த்தே குடுங்க."

சீட்டில் உட்கார்ந்ததும் மெதுவாக அவருடைய கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பன் துகள்தான் இருந்தது. இன்னொரு பையையும் பார்த்தாள்.