வருசத்தின் முதற்கால்

கறுப்பாக இருக்கிறான் என்பதற்காகவே ஒருவர் அரியரத்தினத்தைத் தேடி வந்தது மெல்பேர்னில் ஒரே ஒரு தடவைதான். வந்தவர் பக்கத்து வீட்டு மிஸிஸ் எல்லியட். எழுபத்துமூன்றாம் ஆண்டு, மார்கழிக் கடைசி, ஆங்கிலப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்.

மிஸிஸ் எல்லியட் ஸ்கொட்லாந்தில் ஹாத்பர்ன் என்ற சின்ன ஊர்க்காரி. ஒரு ஆறு, ஒரு கம்பளி ஆலை, ஆலைச் சங்கு ஊதினால் எழும்பி, ஊதினால் சாப்பிடுகிற சனம். ஆண்டுக்கொருமுறை ஊரே குதிரைகளின் பின்னால் நடந்து ஊரெல்லையைச் சுற்றிவருமாம். எப்போதோ பக்கத்து ஊரார் நிலம் பிடிக்க வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆலை மூடியதும் ஒரு தெருவே கப்பலேறி மெல்பேர்னின் கிளேட்டன் பகுதிக்கு வந்தது. பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், பிள்ளைகள் வடக்கே குவீன்ஸ்லாந்துக்குப் போனார்கள். எல்லையைச் சுற்ற மிஸிஸ் எல்லியட் மட்டும் மிஞ்சினார், தன் வீட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு.

அந்த ஊர் வழக்கப்படி புத்தாண்டில் முதலில் வாசற்படி மிதிப்பவர் கறுத்த முடியுள்ள ஆணாக இருக்கவேண்டும். அடுப்பு அணையாதிருக்கக் கையில் ஒரு கரித்துண்டும் வேண்டும். செம்பட்டை முடிக்காரி மிதித்தால் வருசமே பாழ். வரவேண்டியது நடுச்சாமத்தில்தான், ஆனால் மிஸிஸ் எல்லியட் எட்டு மணிக்கே உறங்கிவிடுவார் என்பதால் காலையென்று ஏற்பாடு. கணவர் போனபின் அவருக்கு ஆள் இல்லை. "உம்மட முடி மாதிரிக் கறுப்பு எங்கட ஊரிலயே இல்லை" என்று அவர் கேட்டபோது அரியரத்தினத்துக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. நல்ல கால், கூடாத கால் பார்ப்பதில் யாழ்ப்பாணத்தானுக்கு யார் பாடம் எடுப்பது!

மூன்று புத்தாண்டுகளுக்குப் போனான். கொளுத்துகிற வெயிலில் கையில் நிலக்கரிக் கட்டியோடு போய்ப் படி மிதிப்பான், அவர் கேக் வெட்டித் தருவார். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்த அவனை இருக்கச் சொன்ன வீடு அது ஒன்றுதான்.

எழுபத்தாறில், நத்தார்ப் பண்டிகை கழிந்த கையோடு, ஊரில் அப்பா செத்துப்போனார் என்று தந்தி வந்தது. மூத்த மகன் இவன் இங்கே நிற்க, கொள்ளியைத் தம்பி வைத்துவிட்டான். செத்த வீடு என்று எட்டிப்பார்க்க ஒருவரும் இல்லை. திரைச்சீலையை இழுத்து ஜன்னலை மூடிவிட்டுக் கிடந்தான். அழுகைகூட வரவில்லை.

புத்தாண்டு விடிந்தது. சாவுத் தீட்டுள்ள துடக்குக்காரன் போய் அந்த மனுசியின் படியை மிதிப்பதா? தனிக்கட்டையாய் இருப்பவருக்கு இன்னும் கேடு கொண்டுபோவதா? மாட்டவே மாட்டான். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான். மிஸிஸ் எல்லியட் நல்ல சட்டை போட்டு, கதவைத் திறந்துவைத்து, வாசலடியில் கதிரை போட்டு இருந்தார். தேவாலயத்துத் தோழி ஒருத்தி வந்தபோது கேற்றடியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். மத்தியானமாகியும் எழும்பவில்லை. அரியரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை.

வேலியடிக்குப் போய், முகம் பாராமல் சொன்னான்.

"அப்பா செத்திட்டார், மிஸிஸ் எல்லியட். எனக்குத் துடக்கு. என்ர கால் இந்த வருசம் கூடாது. வேற ஆளைப் பாருங்கோ."

அவர் சட்டென்று எழும்பி உள்ளே போனார். கோபம் என்றுதான் அவன் நினைத்தான். இருந்த ஒரு வீடும் போயிற்று.

சற்று நேரத்தில் அவன் கதவு தட்டப்பட்டது. ஒரு கையில் நிலக்கரிக் கட்டி, மறு கையில் அவனுக்கென்று வெட்டிவைத்த கேக். மிஸிஸ் எல்லியட் படிக்குக் கீழேயே நின்றார்.

"இப்ப நரைச்சுப்போச்சு, அதால உமக்குத் தெரியாது. நான் பிறந்ததே செம்பட்டை முடியோட. புதுவருசத்தில ஹாத்பர்னில ஒரு வீட்டுப் படியும் நான் முதல் மிதிச்சதில்லை. என்ர அம்மாவே என்னை வாசலில நிப்பாட்டி வைப்பா, அண்ணா முதல் வரட்டும் எண்டு." தன் காலைப் பார்த்தார். "என்ர காலும் கூடாதுதான். உள்ள வரட்டோ?"

அரியரத்தினம் கதவை அகலத் திறந்தான். அத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது.

"வாங்கோ," என்றான். "வலது காலை வைச்சு வாங்கோ."