அகல ரயில் வரட்டும் என்றிருந்தேன்

தேனி ரயில் நிலையத்தில் இப்போது எல்லாம் இருக்கிறது. உயரமான நடைமேடை இருக்கிறது, மூன்று மொழியில் அறிவிப்பு இருக்கிறது, உட்கார்ந்தால் சுடாத பெஞ்சு இருக்கிறது. காலையில் மதுரையிலிருந்து வரும் வண்டி இங்கே நின்று போடிக்குப் போகிறது. பகலெல்லாம் அங்கேயே கிடந்துவிட்டு சாயங்காலம் மதுரைக்குத் திரும்புகிறது. வாரத்தில் சில இரவுகள் சென்னைக்கு ஒரு வண்டி உண்டு. காலையில் மதுரைப் பக்கம் வேலைக்குப் போகிறவனுக்குத்தான் வண்டி இல்லை. "வாரவகளுக்கு ரயிலு, போறவகளுக்கு பஸ்ஸு" என்று நிலையத்து வாசலில் டீ குடிப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. ரயில் இல்லையே என்று குறைபட்டுக்கொள்ளும் யோக்கியதை எனக்குக் கிடையாது. அது ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மீட்டர் கேஜ் காலத்தில் காலை வண்டி இருந்தது. போடியில் புறப்பட்டு, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று நின்று நின்று மதுரைக்குப் போகும். வேகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது இறங்கி, புளியம்பழம் பொறுக்கிக்கொண்டு, மறுபடி அதே பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்று கேலி பேசுவார்கள். நான் கல்யாணமாகித் தேனிக்கு வந்தவள். உசிலம்பட்டியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நாலரை வருஷம் தினமும் அந்த வண்டியில் போய் வந்தேன்.

அந்த வண்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. போடியில் ஏறுகிறவர்களுக்குப் பெட்டி காலியாகக் கிடைக்கும். அவர்கள் துண்டையோ சாப்பாட்டுப் பையையோ போட்டுத் தேனிக்காரர்களுக்கு இடம் பிடித்து வைப்பார்கள். தேனிக்காரர்கள் ஆண்டிபட்டிக்காரர்களுக்கு இடம் பிடிக்க வேண்டும். யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. ஏறுகிற ஊர்தான் பெயர். ஆண்டிபட்டி டீச்சர், உசிலம்பட்டி அண்ணன், இப்படி. நான் "தேனிப் பிள்ளை". எனக்கு இடம் பிடித்து வைத்தவர் போடி அக்கா.

அவருக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். உசிலம்பட்டியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார். ஜன்னலோரம் தனக்கு, அடுத்த இடம் எனக்கு. பச்சைத் துண்டு ஒன்றை விரித்து வைத்திருப்பார். யாராவது உட்கார வந்தால், "ஆளு வருது, தேனில ஏறும்" என்பார். அந்தக் குரலை மீறி உட்கார்ந்தவர் யாருமில்லை. வேர்க்கடலையை உரித்து என் கையில் வைத்துக்கொண்டே, அன்றைக்கு முந்தின நாள் பிறந்த பிள்ளைகளின் கதையையெல்லாம் சொல்வார். பிரசவத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. பெட்டியில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு எந்தப் பெண் ஏறினாலும் ஒரு பார்வை பார்த்து, "உப்பைக் குறை", "இரும்பு மாத்திரைய நிறுத்தாத" என்று ஏதாவது சொல்லாமல் விடமாட்டார். பெண்களும் கேட்டுக்கொள்வார்கள்.

எனக்கு ஏழாம் மாதம். ஒருநாள் நான் ஏறி உட்கார்ந்ததும் அக்கா என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை அசையுதா ஆத்தா?"

முதல் நாள் காலையிலிருந்தே அசைவு தெரியவில்லை. தூங்குகிறது என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து இல்லை என்று சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

"அதெல்லாம் அசையுது" என்றேன்.

"எனக்கு சரியாப் படல ஆத்தா. ஆண்டிபட்டில எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிரு. நானும் கூட வாரேன். லேட்டுப் பண்ணக் கூடாது."

எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காலங்காத்தால அபசகுனமாப் பேசாதீக அக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உசிலம்பட்டி போய் வேலையும் பார்த்தேன். மத்தியானம் பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்து மேசைக்காரம்மா என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிள்ளைக்கு உயிர் இல்லை.

டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். துடிப்பு நின்று ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், கொடி சுற்றியிருந்தது, இன்று காலையில் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, யார் பேரிலும் தப்பில்லை. ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. ஒவ்வொன்றும் புரிந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

வீட்டில் வேறு பேச்சு. "யாராச்சும் எதுவும் சொன்னாகளா?" என்று மாமியார் கேட்டார். ரயிலில் நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பொம்பளைக்குக் கருநாக்கு. சொன்னது பலிச்சுருச்சு பாத்தியா" என்றார். யார் பேரிலும் தப்பில்லை என்றால் என் துக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது? அக்காவின் பேரில் இறக்கி வைத்தேன். அது சௌகரியமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சௌகரியத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து வண்டி ஏறினேன். பச்சைத் துண்டு விரித்திருந்தது. அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "ஆத்தா" என்றார். நான் கையை உதறினேன்.

"ஒங்க கருநாக்குதான் எம்பிள்ளையக் கொண்டுபோச்சு. இனிமே எந்த வயித்தப் பாத்தும் வாயத் தொறக்காதீக."

பெட்டி முழுக்கக் கேட்டது. அக்கா போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நான் கதவருகே நின்றுகொண்டே போனேன்.

மறுநாளும் துண்டு விரித்திருந்தது. அதற்கு மறுநாளும். நான் அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்வேன், அதைத் தாண்டிப் போகும்போது கண்ணில் படும். மூன்று மாதம் இப்படியே போனது. கோபம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. பிறகு இருந்ததெல்லாம் வெட்கம். நாளைக்குப் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன்.

அப்போதுதான் அகலப்பாதை வேலைக்காக வண்டியை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். கடைசி நாள் இன்ஜினுக்கு மாலை போட்டார்கள், வாழை கட்டினார்கள். ரெண்டு வருஷத்தில் பெரிய ரயில் வந்துவிடும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. "பெரிய ரயில்ல பாப்போம்" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் வாங்கவில்லை. அக்கா உசிலம்பட்டியில் இறங்கிக் கூட்டத்தோடு போவதைப் பார்த்தேன். பின்னாலேயே ஓடியிருக்கலாம். பெரிய ரயில் வரட்டும், அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டேன்.

ரெண்டு வருஷம் என்றது பத்துக்கு மேல் போய்விட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பாதையில் கருவேலம் முளைத்தது, ஆடு மேய்ந்தது, சோளத்தட்டை காய்ந்தது. தேனியில் ரயில்வே கேட் மூடுவதே மறந்துபோய், புதிய கேட் முதன்முதலாக இறங்கியபோது ஜனங்கள் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தார்கள். நான் தேனிக்குள்ளேயே வேறு வேலை பார்த்துக்கொண்டேன். எனக்கு ஒரு பெண் பிறந்தாள். ரயில் வேண்டும் என்று யார் மனு கொண்டுவந்தாலும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். முதலில் தேனி வரைக்கும்தான் வண்டி வந்தது. ஊரே நடைமேடையில் நின்று கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் போடிக்கு வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்றிருந்தேன். அடுத்த வருஷம் போடிக்கும் வந்துவிட்டது. அதற்கப்புறமும் பல மாதம் போக்குக் காட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்தேன்.

போடியில் இறங்கி, பெயர் தெரியாத ஒருவரை எப்படித் தேடுவது என்று மலைத்துப் போய் நின்றேன். நிலையத்து வாசலில் ஒரு ஆட்டோக்காரரிடம், "பழைய வண்டியில உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போவாகளே, ஆயாம்மா" என்றேன். முடிக்கக்கூட விடவில்லை. "அட, நம்ம ஆஸ்பத்திரி அத்தையா? ஏறுங்க, அங்கன கோயில் பின்னாடிதான்" என்றார். ஐந்து நிமிஷத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

ஐந்து நிமிஷம். தேனிக்கும் போடிக்கும் அரை மணி நேரப் பஸ். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, புடவை எடுக்க என்று எத்தனையோ தடவை போடிக்குப் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். ரயில் வரவில்லை என்பது எனக்கு ஒரு சாக்கு. அந்த வாசலில் நின்றபோது அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அக்கா தலை முழுக்க நரைத்திருந்தார். ஆறு ஏழு வயதுப் பெண் ஒன்றுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"தேனிப் பிள்ளையா?"

தலையை ஆட்டினேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி சடை பின்ன உட்கார்ந்தார். "அப்புறம் பிள்ளை பிறந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒரு பெண், பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நல்லா இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்து, சட்டென்று நிறுத்தி, புறங்கையால் வாயை மூடிக்கொண்டார்.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். தப்பு உங்கள் மேல் இல்லை அக்கா, நீங்கள் சொல்வதற்கு முந்தியே பிள்ளை போய்விட்டது, டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார், நான்தான் புத்தி கெட்டுப் பேசிவிட்டேன் என்றேன். மனசிலிருந்து பாரம் இறங்குவது போலக்கூட இருந்தது.

அக்கா பின்னலை நிறுத்தியிருந்தார்.

"டாக்டரம்மா எப்பச் சொன்னாக?"

"அன்னைக்கே அக்கா."

"வண்டியில என்னைய அப்பிடிச் சொல்றதுக்கு முந்தியேவா?"

"ஆமா அக்கா."

அவர் அந்தச் சிறுமியைப் பக்கத்து வீட்டில் விளையாடச் சொல்லி அனுப்பினார். அது போனபிறகு பேசினார்.

"இது எம்பேத்தி. மருமக நெறமாசமா இருந்தப்ப கால் வீங்குச்சு. மூஞ்சி ஊதிப்போச்சு. கண்ணு மங்கலா இருக்குன்னா. பாத்தவொடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ரத்தக்கொதிப்புன்னு. எத்தனை பேரப் பாத்துருக்கேன். ஒடனே தூக்கிட்டுப் போங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. நாஞ் சொல்லி அது பலிச்சுட்டா என்ன செய்யன்னு கம்முன்னு இருந்துட்டேன். ரெண்டு நாள். அப்புறம் அவளாவே விழுந்து கைகால் வெட்டி இழுத்து, கொண்டுபோனாக. பிள்ளையத்தான் எடுக்க முடிஞ்சுச்சு."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அந்தச் சொல்லை எடுக்கவே கூச்சமாக இருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். பேத்தி போன வாசலைப் பார்த்தபடி, தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல, "அப்ப நாஞ் சொல்லிருக்கலாம், இல்லையாத்தா?" என்றார்.

"சொல்லிருக்கலாம் அக்கா" என்றேன்.