ஏசியில் கட்டிய ஐஸ்

தலைமன்னாரில் படகு எஞ்சின் திருத்துபவர் வலன்ரைன். ஓரிடத்தில் இருக்கமாட்டார். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் யன்னல் ஏசி வழியாகவும் மணல் வருகிறதென்று, கைக்குழந்தைக்காக அதன் முகப்பைச் சேலைத்துணியால் இறுகக் கட்டினார். சில நாட்களில் உள்ளே ஐஸ் கட்டிக் குளிர் நின்றுபோனது. வியர்க்குரு போட்ட பிள்ளை வீரிட்டழுதது. ஐஸைக் குத்தி உடைக்க அவர் மீன்கத்தியை எடுத்தார்.

மனைவி அன்ரோனெற் அதைப் பறித்தார். “குழாய் ஓட்டையானால் காஸ் போயிடும். பிறகு பிள்ளைக்கு ஏசியே இல்லை. துணி காத்தை மறிச்சுத்தான் ஐஸ் கட்டினது. அதை அவிட்டு, குளிரை நிப்பாட்டி, ஏசி விசிறியை மட்டும் ஓடவிடுங்கோ. தானா உருகும்.”

“எவ்வளவு நேரம்?”

“உங்களுக்குப் பொறுக்க ஏலாத நேரம்.”

வலன்ரைன் அப்படியே செய்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமர நிழலில் நடந்தார். அடிக்கடி யன்னலால் எட்டிப் பார்த்தார். மாலையில் அன்ரோனெற் கூப்பிட்டார்: “உருகிட்டுது. குளிரும் வருது, கொண்டுவாங்கோ!”

“சத்தம் போடாதையப்பா, இப்பதான் கண்ணயர்ந்தது. நான் நிண்டாலே எழும்பிடும்,” என்று வலன்ரைன் வியர்வை வழிய நடந்துகொண்டேயிருந்தார்.